இறாலைக் கொன்றது என் சாம்பிராணி இல்லை!

இன்றைக்குக் காலையில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கொலை வழக்கு முடிந்தது!

செத்தது ஒரு இறால். பழி என் மேல்.

(தொக்கு வைக்கிற இறால் இல்லை. சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட, திருச்சியிலிருந்து ஏசி காரில் எங்கள் வீட்டுக்காரர் மடியில் உட்கார்ந்து வந்த இறால்!)

முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஆசை வந்தது. வீட்டுக்குள் கடல் வேண்டும். மீன், பவளம், அலை எல்லாம் இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள்.

"கடல்தான் நம்ம மாவட்டத்துலயே இருக்கேங்க. பஸ் ஏறுனா கோட்டைப்பட்டினம்" என்றேன்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது செல்வி. இது வேற கடல்" என்றார்.

(அவருடைய கடல் பக்கெட்டில் வந்தது. பொடியாக. கூரியரில்!)

அந்த உப்புப் பொடியை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, மணல் போட்டு, கல் அடுக்கி, பம்பை ஓடவிட்டார். பிறகு ஒரு மாதம் வெறும் தண்ணீரையும் கல்லையும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"மீன் எங்கங்க?"

"மொதல்ல பாக்டீரியா வளரணும்."

"அதுக்கு எதுக்குங்க இம்புட்டு? நம்ம பாத்ரூம் பக்கெட்டக் கேட்டிருந்தா ரெடியாவே குடுத்திருப்பேனே!"

அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. (நிம்மதியான நாள்.)

ஒருவழியாக ஆரஞ்சு மீன் இரண்டு, நத்தை இரண்டு, பொத்தான் பொத்தானாக விரியும் பவளம் ஒரு கொத்து, கூடவே அந்த இறால் எல்லாம் வந்து சேர்ந்தன. இறாலுக்குத் 'தங்கம்' என்று பெயர் வைத்தார்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சட்டங்களும் வந்தன. ஹாலில் ரூம் ஸ்பிரே கூடாது. கொசுவத்தி கூடாது. கண்ணாடியைத் தட்டக் கூடாது. தொட்டிக்கு முன்னால் நின்று என் அம்மாவோடு சத்தமாகப் போன் பேசக் கூடாது. (இது மீனுக்காகப் போட்ட சட்டமா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.)

மூன்று வாரத்தில் ஒரு நத்தை செத்தது. நாலு நாள் கழித்து இன்னொன்று. பவளம் விரியாமல் சுருங்கிக்கொண்டது.

"வெள்ளிக்கெழம நீ போடுற சாம்பிராணிதான்!"

கேள்வி இல்லை, விசாரணை இல்லை. நேராகத் தீர்ப்பு!

ஒரு உயிர் போகிறதே என்று நானும் நிறுத்தினேன். மூன்று வெள்ளிக்கிழமை என் பூஜை அறையில் புகை இல்லை. இந்த வீட்டில் எனக்கே எனக்கென்று இருந்த கால்மணி நேரம் அது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

முந்தாநாள் தங்கம் செத்துப்போனது.

அவர் கண் கலங்கியது நிஜம். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் அடுத்து ஒரு வேலை செய்தார் பாருங்கள்! எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில், முப்பத்தெட்டுப் பேருக்கு முன்னால், இறால் போட்டோவைப் போட்டு, 'செல்வி போட்ட சாம்பிராணிப் புகையில் போய்விட்டது' என்று எழுதிவிட்டார்.

அழுகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. கீரமங்கலத்தில் இருக்கும் அவருடைய அக்கா வாய்ஸ் மெசேஜே அனுப்பினார்.

"வாயில்லாச் சீவன்ல, பாத்துப் போட்டுருக்கக் கூடாதா செல்வி?"

எனக்கு வந்த கோபத்தில் தொட்டித் தண்ணீரே கொதித்திருக்கும்.

"நான் நிறுத்தித்தான் மூணு வாரமாச்சேங்க!"

"பழைய பொகை தண்ணிக்குள்ள தங்கியிருக்கும்."

இதற்கு மேல் என்ன பேசுவது? இன்றைக்குக் காலையில் சொல்லிவிட்டேன். "மீன் வாங்குன கடைக்காரருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

அந்தக் கடைக்காரர் பொறுமைசாலி. உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, லைட் எத்தனை மணி நேரம் என்று எல்லாம் கேட்டார். எல்லாமே சரியாக இருந்தது.

"சார், ஆவியாப் போற அளவுக்குத் தெனம் நல்ல தண்ணி ஊத்துவீங்கள்ல? அத எதுல புடிச்சு வைக்கிறீங்க?"

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"செப்புக் கொடத்துல சார்! நைட்டே ஊத்தி வச்சிருவேன். சுத்தமான செம்பு!"

செப்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று ஏதோ வீடியோவில் பார்த்து, பரணில் கிடந்த குடத்தை அவரே இறக்கி, அவரே புளி போட்டு விளக்கி வைத்திருந்தார். நமக்கு நல்லது என்றால் இறாலுக்கும் நல்லதுதானே! (இதற்கெல்லாம் டிகிரி தனியாக வேண்டும்.)

கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"சார்... எறாலு, நத்தை, பவளம் எல்லாத்துக்கும் செம்பு வெசம் சார். மீனு கொஞ்சம் தாங்கும், அதுக தாங்காது. டெஸ்ட் கிட்டுல காப்பர்னு ஒரு பாட்டில் இருக்கும், போட்டுப் பாருங்க."

அந்தப் பாட்டிலின் சீலை அதுவரை உடைக்கவே இல்லை. உடைத்தார். சொட்டு விட்டார். செம்பு இருந்தால் நிறம் வருமாம். நன்றாகவே வந்தது.

ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன்.

சொன்னார். "அப்ப ஒங்க வீட்டுச் சீராலதான் வந்திருக்கு!"

ஆமாம், அந்தக் குடம் என் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் கொடுத்த சீர்!

"எங்கப்பா அத மனுசன் குடிக்கக் குடுத்தாருங்க. கடலுக்கு ஊத்தக் குடுக்கல. குரூப்ல போட்டத குரூப்லயே மாத்திச் சொல்லுங்க."

போனை எடுத்தார். பத்து நிமிடம் டைப் செய்தார். நானும் என் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வந்தது. 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது.'

அவ்வளவுதான்!

"என்னடா தம்பி அழிச்ச?" என்று அக்கா கேட்டார்.

"ஒண்ணுமில்லக்கா, இங்கிட்டு நெட்வொர்க் சரியில்ல."

பழி போட்டது முப்பத்தெட்டுப் பேருக்கு முன்னால். உண்மை மட்டும் எங்கள் ஹாலோடு நின்றுவிட வேண்டுமாம். அதனால்தான் இந்தப் பதிவைப் பப்ளிக்கில் போடுகிறேன். கீரமங்கலத்து அண்ணியையும் டேக் செய்திருக்கிறேன்.

கல்யாணமான பெண்களே, அனுபவத்தில் சொல்லுங்கள். மெசேஜை அழித்தால் அது மன்னிப்புக் கேட்டதில் சேருமா?