கம்பிக்கட்டின் மேல் அமர்ந்து திசை பார்த்தது

தை மாதத்து ஞாயிறு ஒன்றில், அறுபதைக் கடந்த தம்பதியர் இருவர் கையில் வரைபடமும் திசைகாட்டியும் ஏந்திச் சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே உள்ள வயல்வெளிகளில் டப்பா தேடி அலைந்தார்கள் என்றால், அதற்கு ஒரு ஸ்கூட்டர் சாவியே காரணம். ஸ்கூட்டர் என்னுடையது. சாவியோ என் மகளின் கைப்பையில் இருந்தது.

அது அங்கு சென்ற விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கடப்பாக்கத்தில் உறவினர் ஒருவரின் புதுமனைப் புகுவிழாவுக்கு என் துணைவியாரைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு கூடுவாஞ்சேரியிலிருந்து புறப்பட்டேன். கடப்பாக்கத்துக்குள் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் என் தோளைத் தட்டினார். நான் திரும்பவில்லை. வழி தவறினாலும் முன்னேறிச் சென்றே வழியைக் கண்டுகொள்வது என்பது என் நெடுநாள் கொள்கை. பிறரிடம் வழி கேட்பதும் எனக்குப் பழக்கமில்லை. மரக்காணத்து உப்பளங்கள் இருபுறமும் வெண்மையாகத் தோன்றத் தொடங்கியபின்தான் கொள்கையை ஒருவாறு மறுபரிசீலனை செய்தேன். நாங்கள் விழா வீட்டை அடைந்தபோது பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாம்பார் வாளியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

அன்றிரவே என் மகள் சாவியைக் கைப்பற்றினாள். அவள் கணினி நிறுவனமொன்றில் பணிபுரிபவள். எதையும் நிபந்தனையோடுதான் செய்வாள்.

"அப்பா, எங்க ஆபீஸ் ஆளுங்க சிலர் ஞாயித்துக்கிழமைல ஒரு போட்டி நடத்துறாங்க. மேப் குடுப்பாங்க, காம்பஸ் குடுப்பாங்க. கொடி இருக்கற எடத்தைக் கண்டுபிடிக்கணும். கொடி பக்கத்துல ஒரு டப்பாவை ஒளிச்சு வெச்சிருப்பாங்க, அதையும் கண்டுபிடிக்கணும். அம்மாவோட போங்க. அஞ்சு டப்பாவையும் கண்டுபிடிச்சு மதியம் பன்னெண்டுக்குள்ள வந்துட்டா சாவி உங்களுக்கு."

"வராவிட்டால்?"

"ஷேர் ஆட்டோல போங்க. நல்லா காத்து வரும்."

இந்தப் போட்டி எனக்கென்றே வகுக்கப்பட்டது எனக் கருதினேன். கூடுவாஞ்சேரியில் கம்பி, சிமெண்ட், ஆணி விற்கும் கடையை நெடுங்காலம் நடத்தியவன் நான். வீடு கட்டுவோர் கம்பி வாங்க வரும்போது வாஸ்துவும் கேட்பார்கள். ஆதலால் நூல்களை வாங்கி நானே பயின்று, பித்தளைத் திசைகாட்டி ஒன்றையும் வாங்கி, கல்லாவில் அமர்ந்தபடியே இலவசமாக ஆலோசனை வழங்கி வந்தேன். இன்று கூடுவாஞ்சேரியில் எத்தனையோ அடுப்புகள் என் சொற்படி எரிகின்றன.

போட்டி, சாலையோரச் சவுக்குத் தோப்பொன்றில் தொடங்கியது. தாடி வைத்த இளைஞர் ஒருவர் விதிகளை விளக்கினார். கைபேசிகளை உறையிலிட்டு ஒட்டிவிடுவார்கள். பிறரிடம் வழி கேட்கலாகாது. ஒவ்வொரு டப்பாவினுள்ளும் உள்ள முத்திரையை நம் அட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். டப்பாவிலிருந்து ஒரு சிறு பொருளை எடுத்தால், பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். பிறகு என்னிடம் ஒரு பிளாஸ்டிக் திசைகாட்டியை நீட்டினார். நான் சட்டைப்பையிலிருந்து என் பித்தளைத் திசைகாட்டியை எடுத்துக் காட்டினேன்.

"சூப்பர் அங்கிள்," என்றார் அவர். "ஒரே ஒரு விஷயம். நடக்கும்போது முள்ளையே பாத்துட்டுப் போகாதீங்க, தடுக்கி விழுவீங்க. போகவேண்டிய திசையில தூரத்துல ஒரு மரமோ டவரோ பாத்து வெச்சுக்கிட்டு, அதை நோக்கி நடங்க."

முதற்கொடியை நான் எளிதில் கண்டேன். அதாவது, இரண்டாம் முயற்சியில் கண்டேன். முதலில் நான் கண்டது வீட்டுமனை விற்பவர்கள் நட்டிருந்த கொடி. அதனடியில் குடை பிடித்து நின்றவர் எங்களை நோக்கி ஓடிவந்து, கிழக்குப் பார்த்த கார்னர் பிளாட் ஒன்றுதான் மீதமிருக்கிறது என்றார். அவரிடமிருந்து மீள்வதற்குச் சற்று நேரமாயிற்று. உண்மைக் கொடி, ஆரஞ்சும் வெள்ளையுமாக, பாழடைந்த பம்புசெட் கொட்டகையருகே தொங்கியது.

ஆனால் டப்பா அகப்படவில்லை. நான் கொட்டகையை அளந்து, மூலைகளை ஆராய்ந்து, வடகிழக்கான ஈசானியத்தில் தோண்டலாமா என்று சிந்தித்துக்கொண்டிருந்தேன். என் துணைவியார் நேரே சென்று, கதவோரம் கவிழ்ந்து கிடந்த உடைந்த பானையைத் தூக்கினார். டப்பா இருந்தது.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"பக்கத்துத் தெருவுக்குப் போனா நம்ம வீட்டு சாவிய நான் எங்க வெச்சுட்டுப் போவேன்? இந்த மாதிரி எடத்துலதானே?"

"நம் வீட்டில் உடைந்த பானை கிடையாதே."

"உங்க பழைய செருப்பு கெடக்குதுல்ல."

டப்பாவினுள் பென்சில், விசில், கிளிப்பொம்மை தொங்கும் சாவிக்கொத்து வளையம் ஒன்று முதலியன இருந்தன. நான் வளையத்தை எடுத்துக்கொண்டேன். பதிலுக்கு அவர் தம் பையிலிருந்து ஒரு குங்குமச் சிமிழை வைத்தார். கொலுவில் வழங்கி மிஞ்சிய சிமிழ்கள் பல அவரிடம் இருந்தன. ஒரு பொருளை எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒன்றும் வைக்காமல் டப்பாவை மூடுவது அவருக்கு வெறுங்கையோடு ஒருவர் வீட்டுக்குச் செல்வதற்கு ஒப்பாகும்.

"வளையம் எதுக்குங்க? சாவி இன்னும் வரலையே."

"வரும்," என்றேன்.

இரண்டாம் டப்பாவும் மூன்றாம் டப்பாவும் இவ்வாறே கிடைத்தன. கொடியை நான் கண்டேன், டப்பாவை அவர் கண்டார். இடையில் தண்ணீர் குடிக்கக்கூட நேரமிருந்தது. நான்காம் கொடி, ஏரியின் மதகருகே இருப்பதாக வரைபடம் காட்டியது; நாங்கள் நின்ற இடத்திலிருந்து நேர் வடக்கு. மரங்களே இல்லாத ஒரு புது மனைப்பிரிவின் நடுவே நின்று திசைகாட்டியைக் கையில் ஏந்தினேன்.

அப்போதுதான் குரல் கேட்டது.

"இன்னா சார், வாஸ்து பாக்குறியா?"

பாதி கட்டிய வீடொன்றின் நிழலில் லுங்கி அணிந்த ஒருவர் நின்றார். பள்ளிக் குழந்தைகளுக்கு வேன் ஓட்டுபவராம். அவ்வீட்டின் உரிமையாளரும் அவரே.

"அந்த வெயில்ல ஏன் நின்னுகினு கீற? இப்டி வா. யக்கா, நீயும் வா. நம்ம வூடுதான். வந்ததே வந்த, கிச்சன் கரீட்டா கீதான்னு சொல்லிட்டுப் போ சார்."

"ஏங்க, நேரம்..." என்றார் துணைவியார்.

வாஸ்து கேட்ட ஒருவரைப் புறக்கணித்துச் செல்வது என் வாழ்நாளில் நிகழ்ந்ததில்லை. உள்ளே சென்றேன். அவர், அடுக்கிக் கிடந்த கம்பிக்கட்டுகளின் மேல் பலகையொன்றைப் போட்டு எங்களை அமரச் செய்தார். சில்லென்று மோர் வந்தது. நான் திசைகாட்டியை மடிமீது வைத்து, முள் நின்றதும் பார்த்தேன். 

"ஐயா, தங்கள் சமையலறை ஈசானிய மூலையில் அல்லவா அமைந்திருக்கிறது! நீர் இருக்க வேண்டிய மூலையில் நெருப்பை வைப்பதா? இந்தச் சுவரை இடித்து அந்தப் பக்கம் மாற்றிவிடுங்கள்."

"இடிக்கணுமா?" என்றார் அவர். பக்கத்தில் ஒரு வேலையாள் கடப்பாரையோடு நின்றிருந்தார்.

"தாமதம் வேண்டாம்," என்றேன்.

அமர்ந்த இடத்திலிருந்தே வடக்கையும் பார்த்துக்கொண்டேன். தாடி இளைஞர் சொன்னபடி, அத்திசையில் தெரிந்த ஒரு கைபேசிக் கோபுரத்தை இலக்காக வைத்து, திசைகாட்டியைப் பைக்குள் இட்டு, வேகமாக நடக்கலானேன்.

சிறிது தூரம் சென்றதும் துணைவியார் சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துக்கொண்டார்.

"ஏங்க, நாம வடக்கதானே போறோம்?"

"சந்தேகமா?"

"மூஞ்சிக்கு நேரா வெயில் அடிக்குதே. இன்னும் உச்சிக்குக்கூட வரல சூரியன்."

சற்றுச் சிந்தித்தேன். "இது தை மாதம். உத்தராயணம் தொடங்கிவிட்டது. சூரியன் வடக்கு நோக்கி நகரும் காலம் இது."

"அதுக்காக ஒரேடியா வடக்கயே வந்து உக்காந்துக்குமா?"

நான் நடையை விரைவுபடுத்தினேன். சான்றோர் சில கேள்விகளுக்கு விடையளிப்பதில்லை. கோபுரத்தை அடைந்தோம். ஏரியும் இல்லை, மதகும் இல்லை. எதிரே சவுக்கு மரங்களின் ஊடே நீலமாக ஏதோ மின்னியது, உப்புக்காற்று வீசியது.

"ஏரி நல்லா பெருசா இருக்குங்க," என்றார் துணைவியார். "அலையெல்லாம் அடிக்குது."

திசைகாட்டியை வெளியே எடுத்தேன். முள் என் இடக்கைப் பக்கம் வடக்கு என்றது. நாங்கள் கிழக்கு நோக்கி நின்றிருந்தோம். சற்றுமுன் வேறு விதமாகச் சொன்ன கருவி இப்போது ஏன் மாற்றிச் சொல்கிறது என்று எண்ணும்போதே, அமர்ந்த பலகையும் அதன் கீழிருந்தவையும் நினைவில் வந்தன. கம்பி. கட்டுக்கட்டாகக் கம்பி. காந்தமுள்ளின் பக்கத்தில் ஓர் இரும்பு ஆணியைக்கூட வைக்கலாகாது என்று எத்தனை வாடிக்கையாளருக்கு உபதேசித்திருப்பேன்! வாழ்நாளெல்லாம் கம்பி விற்று உண்டவன், கம்பிமேல் அமர்ந்து திசை பார்த்திருக்கிறேன்.

உடனே இன்னொன்றும் உறைத்தது. அந்தச் சமையலறை ஈசானியத்தில் இல்லை. தென்கிழக்கில், அக்னி மூலையில், எங்கு இருக்க வேண்டுமோ அங்கேயே இருந்தது. அதன் சுவரைத்தான் இடிக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

துணைவியார் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். "இந்த வாய்க்கா ஓரமா போனா நேரா ஏரி வந்துடுமே. நாலாவது டப்பா, அப்படியே அஞ்சாவது. ஓட்டமா போனா பன்னெண்டுக்குள்ள முடிச்சுடலாங்க."

அவர் சொன்னது சரி. அந்த வழி வேன்காரர் வீட்டைத் தொடாமல் சென்றது. என் சட்டைப்பையில் கிளி வளையம் காலியாகக் கிடந்தது. கண்முன் கடப்பாரை தோன்றியது.

"திரும்ப வேண்டும்," என்றேன்.

"எங்க?"

"வந்த வழியே. சுவரை இடித்துவிடப் போகிறார்கள்."

அவர் நகரவில்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். "இன்னொரு தரம் சொல்லுங்க," என்றார். நான் சொல்லாமல் திரும்பி நடந்தேன், இல்லை, ஓடினேன். என் வயதில் அதை ஓட்டம் என்று பிறர் கொள்வது ஐயமே.

மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது சுவர் முழுமையாக நின்றது. வேன்காரர் அதன்மீது சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கடப்பாரை வாசலில் குழி தோண்டிக்கொண்டிருந்தது.

"ஐயா! இடிக்க வேண்டாம்! என் கணிப்பு தவறு. தங்கள் சமையலறை சரியான மூலையில்தான் இருக்கிறது!"

"அத்த வுடு சார். எனக்குத் தெரியும். மேஸ்திரி முன்னாடியே பாத்துட்டாரு."

"பிறகு என்னை ஏன் கேட்டீர்கள்?"

அவர் சற்றுக் கூச்சத்தோடு துணைவியாரைப் பார்த்தார். "இன்னா யக்கா, கோச்சுக்காத. அண்ணாத்த அந்த முள்ளு டப்பாவ கையில வெச்சிகினு இப்டி ஒரு தபா, அப்டி ஒரு தபா திரும்பிகினு இருந்தாரு. வழி தப்பிட்ச்சுன்னு பாத்தாலே தெரிஞ்சுது. நேரா கேட்டா ஒத்துக்கற மூஞ்சியா அது? அதான் வாஸ்து கேட்டு ஒக்கார வெச்சு மோர் குட்த்தேன், அப்டியே மெள்ள வழி சொல்லலாம்னு. திடீர்னு எழுந்து போய்ட்டீங்கோ, அதுவும் கடல் பக்கமா."

என் துணைவியார் சிரிக்கத் தொடங்கினார். ஏரிக்கரை வரும்வரை நிறுத்தவில்லை.

நான்காம் டப்பா மதகின் கல்லிடுக்கில் கிடைத்தது. ஐந்தாவதற்கு நேரமில்லை. நாங்கள் சவுக்குத் தோப்பை அடைந்தபோது பரிசுகள் வழங்கப்பட்டு, கொடிகள் சுருட்டப்பட்டு, தாடி இளைஞர் தயிர்சாதம் உண்டுகொண்டிருந்தார். மகள் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். அட்டையில் நான்கே முத்திரைகள். நான் அதை அவளிடம் நீட்டினேன். சமாதானம் ஏதும் சொல்லவில்லை.

"சரிப்பா," என்றாள். "ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு நம்ம தெரு முனையிலதான்."

"இரும்மா," என்றார் துணைவியார். "என்னா ஆச்சுன்னு கேளு." என்று தொடங்கி, கம்பி, மோர், உத்தராயணம், அலையடிக்கும் ஏரி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். சில இடங்களில் என்னைப்போலவே பேசியும் காட்டினார். தாடி இளைஞருக்குத் தயிர்சாதம் புரையேறியது. ஆனால் மகள் ஓரிடத்தில்தான் குறுக்கிட்டாள்.

"யாரு திரும்பினது? நீயா சொல்லித் திருப்பின?"

"நான் நேரா போலாம்னுதான் சொன்னேன். அவரேதான் திரும்பினாரு."

"அப்பாவா?"

"உங்கப்பாதான்."

"தப்புன்னு சொல்லிட்டா?"

"தப்புன்னு சொல்லிட்டு. ஓடினாரு வேற."

 மகள் கைப்பையைத் திறந்தாள். "அஞ்சு டப்பா இல்லாட்டி போகுது," என்றாள். நான் கிளி வளையத்தை எடுத்து நீட்டினேன். அதில் சாவியை அவளே கோத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம், உண்ணாமல் விட்ட விருந்தை ஈடுசெய்ய, கடப்பாக்கம் புறப்பட்டோம். திரும்ப வேண்டிய இடத்தில் தோளில் தட்டு விழுந்தது. பழக்கத்தில் வண்டி சற்று முன்னே சென்றுவிட்டது.

"தெரியும்," என்றேன்.

"தெரிஞ்சா திரும்புங்க."

கண்ணாடியில் பின்னால் லாரி வருகிறதா என்று பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பினேன். உறவினர் வீட்டில் சாம்பார் சூடாகவே இருந்தது.