சாவு மேளமும் விமலனின் ஏழாம் அத்தியாயமும்

இல்லை, என் பேரன் விமலன் என்னை உயிரோடு வழியனுப்பப் பார்த்தான் என்று இந்த வரிசை வீடுகளில் பேசுகிறார்களே, அது பச்சைப் பொய். செத்தவளை நாலு பேர் குளிப்பாட்டுவார்கள். அன்றைக்கு நான் தனியாகக் குளித்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு லோகேஸ்வரிதான் முதலில் அழுதுகொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே பக்கத்து வீட்டு இராமலிங்கம், கையில் மாலையோடு.

"பாட்டி, எங்கள விட்டுப் போயிட்டீங்களே!"

"எங்கேடி போனேன்? குளிக்கப் போனேன்." ஈரத் தலையோடு கதவைத் திறந்தேன்.

இராமலிங்கம் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "சங்கு ஊதுச்சு, மேளம் கேட்டுச்சு. நாங்க வேற என்னா நெனைக்கிறது லா?"

அந்த மாலையை என்ன செய்தார் என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

மேளம் அடித்தது விமலனின் ஸ்பீக்கர். பந்திங் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, இங்கே கிள்ளான் பட்டணத்தில் என்னிடம் வளர்ந்தவன். துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறான். அங்கே வரிசையில் காத்துக் கிடக்கும்போது மற்றவர்கள் தூங்குவார்கள். இவன் கைப்பேசியில் கதை எழுதுவான். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் விரலால் தொட்டால் படம் ஓடும், பாட்டோ மேளமோ வரும். எனக்கு எழுத்து தெரியாது. பேத்தி வைஷ்ணவி வாசிப்பாள், தொடுவது என் வேலை.

"எழுதினதையே படமாக் காட்டிட்டுப் போயேன்டா" என்று ஒருமுறை சொன்னேன்.

"எழுத்து சொன்னத படம் திரும்பச் சொல்லக்கூடாது பாட்டி. எழுத்து நிக்கிற எடத்துலதான் படம் தொடங்கணும்."

ஏழாம் அத்தியாயத்தில் ஒரு லோரிக்காரனுக்கு அப்பா இறந்த செய்தி வருகிறது. அவன் லோரியைத் திருப்புவதோடு எழுத்து முடிகிறது. தொட்டால், கண்ணாடிக்கு வெளியே செம்பனை மரங்கள் ஓடும், அவ்வளவுதான். அப்பா முகமே வராது. தூரத்தில் மேளம் கேட்கும், கிட்டே கிட்டே வரும். நான் அழுதேன். "வெறும் மரந்தானே பாட்டி?" என்றாள் வைஷ்ணவி. மரமாவது!

அந்த மேளத்தைப் பதிவு செய்ய அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். "பொணம் இல்லாம நாங்க கை வைக்க மாட்டோம்" என்று மேளக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இவன் அங்கேயே உட்கார்ந்து அத்தியாயத்தை வாசித்துக் காட்டினான். மூத்த மேளக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருக்கு அடிக்கிறோம்னு இப்ப தெரியுது தம்பி" என்று எழுந்தாராம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாசகர் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை பெரிய திரையில் இதைக் காட்ட அவனைக் கூப்பிட்டிருந்தது. அதற்காகத்தான் நான் குளிக்கும்போது ஸ்பீக்கரைச் சோதித்தான். அதற்குள் இராமலிங்கம் அவனைப் பிடித்துக்கொண்டார். "பொணம் இல்லாத மேளம் வீட்டுல ஒரு உசுரக் கேக்கும் தம்பி. பாட்டிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, ஊரு ஒன்னையத்தான் சொல்லும்."

அவ்வளவுதான், பயந்துவிட்டான். மேளத்தை எடுத்துவிட்டுப் புல்லாங்குழலைப் போட்டான். எனக்குப் போட்டுக் காட்டினான்.

"என்னடா இது? கல்யாண வாசல்ல பன்னீர் தெளிக்கிற மாதிரி இருக்கு."

"விடுங்க பாட்டி. இதுவே போதும்."

"போதாது. அந்தச் செத்த மனுஷன் பெத்த புள்ள இன்னும் வீடு போய்ச் சேரல. மேளம் இல்லாம அவர எப்படி எடுப்பே?"

"உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"என் வயசுக்கு ஆகத்தான் செய்யும். அதுக்கு ஒன் மேளமா காரணம்? பொணம் இல்லன்னு யார் சொன்னது? கதையில கெடக்கிறாரே, அவரு யாரு? அடிச்சவங்களுக்கே தெரிஞ்சுது."

கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். நானும் விடவில்லை. மேளம் வரும்வரை அவன் போட்ட தேநீரைத் தொடமாட்டேன் என்றேன். நன்றாகத் தேநீர் போடுவான், எனக்கும் கஷ்டம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு, ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தான். தேநீர்க் கோப்பையை என் முன்னால் வைத்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"குடிங்க பாட்டி" என்று சிரித்தான்.

குடித்தேன்.

வேலிக்கு அப்பால் இராமலிங்கம் நின்றிருந்தார். "என்னா தம்பி, அந்த மேளத்த எடுத்துட்டியா?"

"எடுத்தேன் அங்கிள். திரும்பப் போட்டுட்டேன்."

எப்போதும் அவரிடம் தலையைக் குனிந்து பேசுகிறவன், அன்றைக்கு நேராகப் பார்த்துச் சொன்னான். பிறகு வாசலைத் தாண்டி, கொமுட்டர் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தான்.