ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய செவ்வந்தி

மலேசியாவில், கூலிம் தொழிற்சாலையில் எங்கள் பிரிவுக்குப் புது இயந்திரம் பொருத்த இத்தாலியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். என் வயதுதான். மூன்று மாதம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். ஊர் திரும்புவதற்குமுன், வாட்ஸ்அப்பில் எப்படி வணக்கம் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பாடமே எடுத்தாள். சிநேகிதிக்கு "சியாவ்" போதுமாம். மிஞ்சினால் "கோமே வா", எப்படியிருக்கே. அதற்குமேல் அலங்காரம் வேண்டாம் என்றாள்.

எனக்குத்தான் அது ஒட்டவில்லை. என் ஊர் லூனாஸில், எங்கள் குடும்பக் குழுவில் காலை ஆறு மணிக்குப் பூப்படத்தோடு வணக்கம் போடாவிட்டால், "என்னடி, ஒடம்பு சரியில்லையா?" என்று பெரியம்மா போன் அடித்துவிடுவார். அப்படி வளர்ந்தவள் நான்.

அவள் ஊர் போன பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, தன் அம்மாவுக்கு இருதய அறுவை சிகிச்சை என்று எழுதியிருந்தாள். அன்றைக்குப் போய் வெறும் "சியாவ்" என்பதா? சாமிக்குச் சாத்தும் மஞ்சள் செவ்வந்தி கூடை நிறைய இருக்கும் படமாகத் தேடி, "அம்மாவுக்குப் புவோன்ஜோர்னோ" என்று காலை வணக்கம் போட்டு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் கேன்டீனில், பயிற்சிக்காக இத்தாலி போய்வந்த சூப்பர்வைசர் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிப் படத்தைக் காட்டினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஐயோ, அங்க இந்தப் பூவ கல்லறைக்குத்தான் கொண்டு போவாங்க லா! ஆஸ்பத்திரிக்குப் போயா அனுப்புன?"

மன்னிப்புக் கேட்டு நாலு தடவை எழுதினேன், நாலு தடவையும் அழித்தேன். ஒருவேளை அந்த அம்மா போய்ச் சேர்ந்திருந்தால்? நான் அனுப்பியது மலர்வளையமாக அல்லவா ஆகியிருக்கும்! என் அவசரப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

சனிக்கிழமை வேலை முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது பதில் வந்தது. படத்தைப் பார்த்ததும் பயந்துபோய்ப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாளாம். அம்மா நன்றாகக் கண்விழித்து உட்கார்ந்த பிறகுதான் காட்டினாளாம். "நான் இன்னும் போகலைன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு" என்றாராம் அம்மா.

அப்பாடா! அப்படியே மோட்டாரில் சாய்ந்துகொண்டேன்.

கூடவே ஒரு குரல்பதிவும் இருந்தது. முன்பின் பார்த்திராத அந்த அம்மா சிரிக்கிறார், சிரித்த வேகத்தில் தையல் இழுத்து "ஆ!" என்று கத்துகிறார். அந்தக் கத்தலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். உயிரோடிருப்பவருக்குத்தானே வலிக்கும்.