ஹெலன் தைத்த காசுப்பை

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தோல் தைப்பவர் ஹெலன். நாணயம் சேர்க்கும் ஆசை அவருக்கு ஒரு பழைய கதவிலிருந்து தொற்றியது. வீட்டுத் தாழ்ப்பாளை மாற்றியபோது, ஆணிக்கு அடியில் வாஷராக யாரோ ஓர் ஓட்டைக் காலணாவைச் செருகியிருந்தார்கள். தூக்கிப் போட மனம் வரவில்லை. பிறகு போகிற வீட்டிலெல்லாம் பழைய காசு உண்டா என்று கேட்க ஆரம்பித்தார். பள்ளிகொண்டா நாத்தனார் கூடக் கொஞ்சம் செப்புக் காசு கொடுத்தார்.

அவற்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைக்க ஹெலனுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. தைக்கிறவள் வீட்டில் டப்பாவா? கம்பெனி கழித்துப்போட்ட மெத்தென்ற தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி, காசுக்கு ஓர் அறையாகப் பை தைத்தார். தையல் ஓரிடத்திலும் கோணவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மழைக்காலம் முடிந்து திறந்தால், செப்புக் காசெல்லாம் பச்சை பூத்திருந்தது.

வேலூரில் பழைய நாணயம் விற்கும் சுப்பராயனிடம் எடுத்துப் போனார். அவர் முதலில் காசைப் பார்க்கவில்லை; பையை முகர்ந்தார்.

"இன்னாம்மா, லெதர்லயா வெச்சிருந்தீங்க? பதம் பண்றப்போ போட்ட மருந்து அதுலயே இருக்கும், செம்பைத் தின்னுடும். காகித உறையில போட்டு வைங்க. இனிமே லெதர் பக்கமே போகக் கூடாது."

ஹெலனுக்குச் சுருக்கென்றது. தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

"நாள் பூரா அதைத்தாண்ணா தொட்டுக்கினு இருக்கேன். என்னை எந்த உறையில போட்டு வைக்கிறது?"