இடி இல்லாத மத்தியானம்

தம்பிக்கு இருபத்தேழு வயது. பேச்சு அதிகம் கிடையாது. சிறப்புப் பயிற்சி மையத்து வேன் ஐந்து மணிக்கு வாசலில் இறக்கிவிட்டால் செருப்பைக் கழற்றி நேராக வைப்பான், தேத்தண்ணி குடிப்பான், மாடிக்குப் போய்ப் பழைய கேம் கன்சோலில் பந்து விளையாட்டைப் போடுவான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அதே கன்சோல், அதே ஆட்டம். புதுசு வாங்கி வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

அந்தக் கன்சோல் போன வாரம் டிஸ்க்கைப் படிக்க மறுத்துவிட்டது. உள்ளே வாங்கும், கரகரவென்று சத்தம் போடும், துப்பிவிடும். அன்றிலிருந்து தம்பி சுவரில் தலையை மோதிக்கொள்கிறான். நெற்றி வீங்கிவிட்டது. அதே நேரத்தில்தானா அம்மாவுக்கும் கர்ப்பப்பை ஆபரேஷன் வர வேண்டும்? ஏற்கனவே தள்ளிப்போட்டது. இன்னொரு தடவை தள்ளினால் கட்டி கைமீறிப் போய்விடும் என்று டாக்டர் கோபப்பட்டுவிட்டார். மறுநாள் காலை அட்மிட் ஆக வேண்டும். அம்மாவோ ஒரே பிடியாக நின்றாள்.

"இவன் இப்படி இருக்கையில நான் எப்படி டி ஆஸ்பத்திரில போய்ப் படுக்கிறது? அவன் சரியானா போறேன்."

ஆக, வேன் வருவதற்குள் கன்சோல் ஓட வேண்டும். என்னோடு ஃபேக்டரியில் வேலை செய்யும் ஒருவர் அதைப் பிரித்து, உள்ளே பெரிய ஹார்ட் டிஸ்க் போட்டுக் கொடுத்திருந்தார். டிஸ்க்கில் இருந்த ஆட்டத்தை என் லேப்டாப்பில் ஏற்றிவைத்திருந்தேன். அதை வீட்டு நெட்வொர்க் வழியாகக் கன்சோலுக்கு அனுப்பினால் முடிந்தது வேலை. கன்சோலிலிருந்து நீளமான கேபிளைப் படிக்கட்டு வழியாக இறக்கி, கூடத்து மோடத்தில் செருகினேன். லேப்டாப்புக்கு வைஃபை. லீவு போட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்தேன்.

பாதி போனதும் நின்றது. கேபிள்தான் சரியில்லை என்று வேறு கேபிள் மாற்றினேன். இந்தத் தடவை கன்சோல் இருப்பதாகவே லேப்டாப் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபயர்வாலை அணைத்தேன். கன்சோலை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பை வாய்க்கு வந்தபடி ஏசினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும், அன்றைக்கு அது மூக்கையும் தாண்டிவிட்டது.

ஃபேக்டரிக்காரருக்குப் போன் அடித்தேன். டிவி திரையில் கன்சோலின் நெட்வொர்க் அட்ரஸ் என்னவென்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். காலையில் நான் லேப்டாப்பில் போட்ட எண் இல்லை, கடைசி இலக்கம் மாறியிருந்தது. மோடம் அணைந்து திரும்ப எரிந்தால் புது எண் கொடுத்துவிடும் என்றார். மோடத்தை யாராவது அணைத்தார்களா என்று கேட்டார்.

வெளியே எங்கள் தம்போய் ஊர் முழுக்க இடி உருண்டுகொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கீழே ஓடினேன். அம்மா மோடம் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு டிவி பக்கத்தில் நின்றாள். எங்கள் வரிசை வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். வானம் லேசாக உறுமினாலே டிவி, மோடம் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டிலேயே ஒரு மோடம் மின்னலில் கருகியிருக்கிறது. காலையிலும் லேசாக இடித்ததாம், அப்போதும் பிடுங்கினாளாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கத்தினேன். மோடம் வெந்துபோனால் மட்டும் அவன் விளையாடுவானா என்று அம்மா திருப்பிக் கேட்டாள்.

மழை அடித்து ஓய்ந்தது. அம்மா பிளக்கைத் திரும்பச் செருகினாள். மறுபடி வம்பு வேண்டாமென்று மோடத்தையே விட்டுவிட்டேன். கன்சோலையும் லேப்டாப்பையும் ஒரு சின்னக் கேபிளால் நேராக இணைத்து, இரண்டுக்கும் அட்ரஸை நானே கையால் போட்டேன். ஃபைல் நகர ஆரம்பித்தது. மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது. வேன் வர இன்னும் கொஞ்ச நேரம்தான். தொண்டை வறண்டு, தண்ணீர் குடிக்கக் கீழே வந்தேன்.

கூடத்து ஜன்னலில் சுள்ளென்று வெயில். அம்மா குனிந்து மோடம் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இப்ப எங்கம்மா இடி இடிச்சிச்சு?"

அம்மா நிமிர்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிளக் கையிலேயே இருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு டி. அது ஓடிட்டா நான் போய்த்தானே ஆகணும். உங்கப்பாவும் பையத் தூக்கிக்கிட்டு அதே ஆஸ்பத்திரிக்குத்தான் நடந்து போனாரு. வரும்போது பெட்டியிலதான் வந்தாரு."

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிளக்கை அவள் கையிலிருந்து வாங்கினேன். எனக்கும் அதே பயம்தான். நாற்காலியில் உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். மாடியில் ஃபைல் போய்க்கொண்டேதான் இருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேலே போய்ப் பார்த்தேன். முழுதாக வந்து சேர்ந்திருந்தது. ஆட்டத்தைத் திறந்து வைத்துவிட்டு இறங்கினேன்.

வேன் ஹாரன் அடித்தது. தம்பி வந்தான். செருப்பை நேராக வைத்தான். தேத்தண்ணியைத் தொடாமல் மாடி ஏறினான். நாங்கள் இருவரும் படிக்கட்டுக்குக் கீழே நின்றோம். சுவரில் தலை மோதும் சத்தம் வரப்போகிறது என்று அம்மா கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

விசில் சத்தம் கேட்டது. அடுத்துக் கூட்டத்தின் ஆரவாரம். தம்பி உள்ளங்கையால் தரையைத் தட்டினான், சந்தோஷம் வந்தால் அப்படித்தான் தட்டுவான்.

அம்மா இருண்டு கிடந்த மோடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நேராகக் கேபிள் போட்டுவிட்டேன் என்றேன். ஏமாற்றிவிட்டாய் என்று ஏசுவாள் என நினைத்தேன். அவள் மாடியைப் பார்த்தபடியே நின்றாள். இன்னொரு விசில் வந்தது.

"என்னோட நீல பஞ்சாபி சூட்டையும் பையில எடுத்து வை. வீட்டுக்கு வரும்போது போட்டுக்கணும்."