குர்பான் மாட்டின் இடது கண்

அன்று காலை முற்றத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் பெண்சாதி, அவளுடைய தம்பி, எங்கள் பள்ளிவாசல் மௌலவி. ஜம்பு மரத்தடியில் மாடு. மாட்டின் முதுகில் ஒரு காகம். விரட்டியதும் கூரைக்குப் போய், எங்களைப் பார்த்துக்கொண்டே அலகைத் தகரத்தில் தேய்த்தது. அலகில் என்ன ஒட்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். நினைத்தால் இப்பவும் சோறு இறங்காது.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்துக் குர்பான் கொடுக்க ஏழு பேர் கூட்டுச் சேர்ந்து எடுத்த மாடு அது. எனக்கு ஒரு பங்கு, பெண்சாதியின் தம்பிக்கு ஒரு பங்கு. பெருநாள் நெருங்கினால் விலை ஏறும் என்று முந்தியே வாங்கிவிட்டோம். எங்கே கட்டுவது என்ற கதை வந்ததும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். எங்கள் வீட்டைச் சுற்றிய வளவு பெரியது. அது பெண்சாதிக்குச் சீதனமாக வந்த வளவு, அவளுடைய தம்பி கேட்கும்போது நான் எப்படி மாட்டேன் என்பது?

குர்பான் மாட்டில் குறை இருக்கக் கூடாது. நொண்டி கூடாது, கண் பழுது கூடாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் கரைச்சல். மாடு கால் மடக்கிப் படுத்தால் நொண்டியாகிவிட்டதோ என்று எழுப்பி நடத்திப் பார்ப்பேன்.

"அதப் படுக்க உடுங்க. உங்களுக்கு நித்திர வராட்டி அதுக்கும் வரப்படாதா?" என்பாள் பெண்சாதி.

மச்சான், அதுதான் பெண்சாதியின் தம்பி, வந்து இன்னொரு பயத்தைப் போட்டான். "பெருநாள் வரப்போகுது மச்சான், மாட்டுக் கள்ளனுக்கும் இதுதான் சீசன். கயித்தக் கட்டையாக் கட்டுங்க." ஒரு முழம் மட்டும் விட்டுக் கட்டினேன். தலையை முதுகுப் பக்கம் திருப்பக்கூட மாட்டுக்கு இடமில்லை.

காலையில் பிளேன்டீயோடு வாசற்படியில் இருந்து பறவை பார்ப்பது என் பழக்கம். மைனாவும் கொக்கும் வந்து மாட்டில் உண்ணி பொறுக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். பிறகு காகம் வந்தது. அதுவும் உண்ணிதான் தின்னுது என்று சந்தோசப்பட்டேன்.

"சம்பளம் இல்லாத வேலையாள் கிடைச்சிரிக்கி உங்களுக்கு" என்றான் மச்சான்.

எங்கள் ஊர்க் காகம் எங்கெல்லாம் வாய் வைத்துவிட்டு வருகிறது என்று ஆருக்குத் தெரியாது? கோழிக்கடைக் குடல், செத்த எலி, கடற்கரையில் எறிந்த பிள்ளைகளின் பம்பர்ஸ். அந்த அலகோடு வந்துதான் எங்கள் தண்ணீர்த் தாங்கியிலும் குடிக்கும்.

உண்ணி கழன்ற ஒரு இடம் புண்ணானது. காகம் அந்தப் புண்ணைப் பிடித்துக்கொண்டது. கொத்தும், சதையை நூலாக இழுக்கும், விழுங்கும். புண்ணுக்குள் புழு நெளிந்தது. வேப்பெண்ணெய் தடவினேன். எத்தனை தரம் சவுக்காரம் போட்டாலும் அந்த வாடை கையை விட்டுப் போகவில்லை. சாப்பிடக் கரண்டி எடுத்தேன்.

ஒருநாள் கடைக்குப் போய் வருவதற்குள், காகம் கொம்பில் இருந்தது. மாட்டின் இடது கண்ணால் இரத்தம் வடிந்தது. மாடு தலையை உதறப் பார்த்தது. கயிறு விடவில்லை. டாக்குத்தர் மருந்து போட்டும் கண்ணில் வெள்ளை படர்ந்தது. அதற்குப் பிறகுதான் மௌலவியைக் கூட்டி வந்தோம்.

அவர் அந்தக் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். இமை அசையவில்லை.

"இது குர்பானுக்குச் சேராது."

"மத்தக் கண் நல்லாத்தானே இரிக்கி ஹஸரத்?" என்றான் மச்சான்.

"ஒரு கண் போனாலும் கூடாது தம்பி."

அவன் என் பக்கம் திரும்பினான். "நாள் முழுக்கப் பாத்துக்கொண்டுதானே இருந்தீங்க மச்சான். காகத்தப் பாக்கிற நேரம் மாட்டையும் கொஞ்சம் பாத்திருக்கலாம்."

"கயித்தக் கட்டையாக் கட்டச் சொன்னது ஆரு?" என்றாள் பெண்சாதி.

"நான் கள்ளனுக்குச் சொன்ன. காகத்துக்கா சொன்ன?"

மௌலவி சால்வையால் வாயை மூடிச் சிரித்தார். நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே காகம் இறங்கி வந்து புண்ணில் குந்தியது. நான் வேலிப் பக்கம் போய், குடித்த பிளேன்டீயைச் சத்தி எடுத்தேன்.

மாட்டை இறைச்சிக் கடைக்காரருக்கு இரண்டு இலட்சத்துப் பத்தாயிரத்துக்குக் கொடுத்தோம். பெருநாள் நெருக்கத்தில் வேறு மாடு மூன்றரை இலட்சம். தலைக்கு இருபதாயிரம் மேலதிகமாகப் போட வேண்டி வந்தது. மற்ற ஐந்து பேரும் முணுமுணுத்துக்கொண்டு போட்டார்கள். மச்சான் மட்டும், "காகம் உங்கட வளவுக் காகம்" என்றான். பங்கு குறைந்து குர்பான் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் அவனுடையதையும் நானே கடன் வாங்கிப் போட்டேன்.

பெருநாளன்று பங்கு பிரிக்கும்போது முதல் ஆளாகப் பையோடு நின்றான். "ஈரல்ல கொஞ்சம் கூடப் போடுங்க மச்சான்" என்றான். போட்டேன். எங்கள் வீட்டுப் பங்கை என்னால் வாயில் வைக்க முடியவில்லை, சட்டியைப் பார்த்தாலே அந்தக் கண்தான். அவன் நல்லாச் சாப்பிட்டிருப்பான்.

அவன் தர வேண்டிய இருபதாயிரம் ரூபாய் இன்னும் வரவில்லை.