லிப் என்றால் உதடு

தோளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. டாக்டர் அதில் ஊசியைச் செருகி எதையோ உறிஞ்சி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். நான்கு நாள் கழித்து கடலூர் லேபில் ரிப்போர்ட்டை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். டாக்டர் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவாராம். அப்போது காலை பத்து. அதுவரை ஒட்டிய உறையோடு உட்கார்ந்திருக்க நான் என்ன மகானா? லேப் வாசலிலேயே கிழித்தேன்.

பொடி எழுத்தில் இங்கிலீஷ். நடுவில் ஒரு சொல் மட்டும் தடித்த எழுத்தில் என்னை முறைத்தது: லிப்போமா.

வேறு யாராவது என்றால் ஒன்றும் புரியாமல் நிம்மதியாக இருந்திருப்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கொழுந்தியாள் நர்ஸ் படிப்பு படித்தபோது, அவள் நோட்டை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டவன் நான். வைத்தியச் சொல்லுக்குத் தலையும் உண்டு, வாலும் உண்டு. தலை எந்த இடம் என்று சொல்லும்; வால் அங்கே என்ன கேடு என்று சொல்லும். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது. 'ஓமா' என்றால் கட்டி. உதாரணம் கார்சினோமா, அதாவது புற்றுநோய். நோட்டில் வேறு உதாரணங்களும் இருந்தன. அவை எதுவும் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை.

வால் தெரிந்துவிட்டது. தலை? லிப். லிப் என்றால் உதடு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். கட்டி இருப்பது தோளில். ரிப்போர்ட் சொல்வதோ உதட்டை. அப்படியென்றால் பரவிவிட்டது!

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் என்னிடமிருந்தே ஆரம்பித்துவிட்டேன்.

கொழுந்தியாளுக்கு இப்போது சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. போனில் கேட்கப் பயம். நேரில் என்றால் பொய் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். பஸ் ஏறினேன்.

ஆலப்பாக்கம் வரை கீழுதட்டைத் தடவினேன். புதுச்சத்திரம் வரை மேலுதடு. வலது ஓரத்தில் உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. உயிரே போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் காலையில் தின்ற பொங்கலின் மிளகு.

"என்னா தம்பி, பல்லு வலியா? ஒரு லவங்கத்த வச்சிக் கடி" என்றார் பக்கத்து சீட்டு அம்மாள்.

பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. சாகப்போகிறவனுக்குப் பெரிய பெரிய யோசனை வரும் என்பதெல்லாம் சும்மா. எனக்கு வந்தது எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார்தான். அதன் சுவிட்சை எப்படித் தட்டினால் ஓடும் என்று வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

இறங்கி போன் போட்டதும் கொழுந்தியாள் ஆஸ்பத்திரி எதிரே டீக்கடைக்கு வந்தாள்.

"இன்னா மாமா, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு?"

"உதட்டுக்கு வந்துடுச்சிம்மா" என்று ரிப்போர்ட்டை நீட்டினேன்.

படித்தாள். தாளைத் திருப்பினாள். என் வாழ்க்கையிலேயே நான் ஜோக் அடிக்காத அரை நிமிஷம் அதுதான். பிறகு டீ சிந்தச் சிந்தச் சிரித்தாள்.

"லிப்புனா உதடு இல்ல மாமா, கொழுப்பு! இது வெறும் கொழுப்புக் கட்டி. கீழ பாருங்க, கேன்சர் செல் எதுவும் இல்லன்னு போட்டிருக்காங்க."

"அப்ப ஓமா?"

"ஓமான்னா கட்டி, அவ்ளோதான். அதுல நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. லிப்போமாவும் அந்த நோட்டுலதான் இருந்திச்சி. நீங்க கெட்டத மட்டும் புடிச்சிக்கிட்டீங்க. சாயங்காலம் டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க."

அங்கிருந்தே மனைவிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஒங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு சொல்ல ஊசி போட்டு வேற பாக்கணுமா? இருவது வருஷமா நான் சும்மாவே சொல்றேனே!"

பதிலுக்கு ஒன்று எடுத்துவிட வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மூடிக்கொண்டேன்.

"இந்தா, மோட்டார் சுவிட்ச மேல ரெண்டு தட்டு, பக்கவாட்டுல ஒண்ணு. எழுதி வச்சிக்க."

"இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான்" என்றேன்.